பாஸ்வேர்டை மாற்றியும் பூட்டாத கதவு: லாகின் டோக்கன்களின் கதை



பி.காம். படிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு சொந்தக் கதை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும்.

என் மாமா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தினமும் ராத்திரி கடைக் கணக்கை இணையத்தில் ஒரு சேமிப்பகத்துக்கு ஏற்றி வைக்க, நான் பைத்தான் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். ஜன்னல், பொத்தான் எல்லாம் அதில் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடும். இதைத்தான் கமாண்ட் லைன் என்பார்கள். முதல் தடவை ஓட்டியபோது லாகின் செய்யச் சொன்னது, செய்தேன். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. சரி, ஞாபகம் வைத்திருக்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து என் வகுப்பு நண்பன் ஒருவன் அந்த நிரலைக் கேட்டான். ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரியே போன் வந்தது. "டேய், உங்க மாமா கடைக் கணக்கு எல்லாம் என் கம்ப்யூட்டர்ல வருதுடா. பாஸ்வேர்டே கேக்கல!"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தக் கணக்கில் தெருவில் யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்பது பெயரோடு இருக்கிறது. உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். "இப்ப பாரு" என்றேன்.

"இப்பவும் வருதுடா" என்றான்.

பூட்டை மாற்றிய பிறகும் பழைய சாவி எப்படித் திறக்கிறது? இதைத் தேடப் போய்த்தான் அறுபது வருஷத்துக் கதை ஒன்று கிடைத்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

டோக்கன் என்றால் என்ன?

பழைய நாட்களில் வங்கியில் செக்கைக் கொடுத்தால், நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லை தருவார்கள். அதுதான் டோக்கன். நம்பரைக் கூப்பிட்டதும் டோக்கனை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கையெழுத்து, கணக்கு, இருப்பு எல்லாம் அதற்குள் உள்ளே சரிபார்த்து முடிந்திருக்கும். அதனால் காசாளர் பார்ப்பது டோக்கனை மட்டும்தான்.

கம்ப்யூட்டர் டோக்கனும் இதே மாதிரிதான். ஒருமுறை பாஸ்வேர்ட் கொடுத்து நாம் யார் என்று நிரூபித்தால், சர்வர் ஒரு நீளமான எழுத்துச் சரத்தைத் தரும். நிரல் அதை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை பாஸ்வேர்டுக்குப் பதில் அதையே நீட்டும். என் ஃபோல்டரில் இருந்ததும் அப்படி ஒரு கோப்புதான். பாஸ்வேர்ட் வேறு, டோக்கன் வேறு. பல சேவைகளில், பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கனவே கொடுத்த டோக்கன்கள் செல்லாமல் போய்விடாது. அவற்றைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். எனக்கு இது அன்றுதான் தெரியும்.

வங்கி டோக்கனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பணம் தரும்போது காசாளர் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்வார். கம்ப்யூட்டர்காரர்கள் இந்தப் பாதியைத்தான் மறுபடி மறுபடி மறந்திருக்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

முதல் பாஸ்வேர்டும் முதல் திருட்டும்

அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961 நவம்பரில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ஏற்பாடு அது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக்கூடாதே, அதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே திருட்டும் நடந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது போதவில்லை. பாஸ்வேர்ட் கோப்பை அச்சடித்துத் தரும்படி ஒரு துளை அட்டையில் விண்ணப்பம் போட்டார். அச்சடித்து வந்தேவிட்டது :-) பல வருஷம் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

அப்போது இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஒருமுறை பாஸ்வேர்ட் தட்டினால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர்களை வலையில் கோர்த்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் மறுபடி பாஸ்வேர்ட் தட்ட வேண்டும். மனுஷன் எத்தனை தடவைதான் தட்டுவான்?

"இவர் நம்ம ஆள், உள்ளே விடு"

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வெளிவந்தது. அதில் ஆர்லாகின், ஆர்எஸ்ஹெச் என்ற கட்டளைகள் இருந்தன. நம் ஹோம் ஃபோல்டரில் 'டாட் ஆர்ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு கோப்பு வைத்து, "இந்த கம்ப்யூட்டரிலிருந்து இந்த ஆள் வந்தால் பாஸ்வேர்ட் கேட்காதே" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். 'டாட் நெட்ஆர்சி' என்று இன்னொரு கோப்பும் உண்டு. கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்டிபி நிரலுக்காக, பாஸ்வேர்டையே பச்சையாக அதில் எழுதி வைக்கலாம். மற்றவர்கள் படிக்கும்படி அந்தக் கோப்பு திறந்து கிடந்தால் எஃப்டிபி அதை ஏற்க மறுக்கும். இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

சௌகரியம்தான். ஆனால் அந்த வரிக்குக் காலாவதித் தேதி கிடையாது. எழுதியவரே போய் அழித்தால்தான் உண்டு. யார் ஞாபகமாகப் போய் அழிப்பார்கள்?

அப்பாவும் பிள்ளையும்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெல் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் பாஸ்வேர்ட் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல் உருமாற்றிச் சேமிப்பது, ஊகிப்பதைக் கடினமாக்க அதோடு 'உப்பு' என்ற சில எழுத்துகளைக் கலப்பது எல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் துறையில் இன்றும் பேசப்படும் கட்டுரை.

ஒன்பது வருஷம் கழித்து, 1988 நவம்பர் 2ஆம் தேதி, அதே மோரிஸின் மகன் ராபர்ட் டப்பன் மோரிஸ் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அப்போது அவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர், கிட்டத்தட்ட நம் வயது! இன்று அதை மோரிஸ் புழு என்கிறார்கள். சுமார் 6000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். இணையத்தில் மொத்தமே 60,000 போலத்தான் இருந்த காலம் அது.

புழு பல வழிகளில் பரவியது. மின்னஞ்சல் நிரலில் ஒரு ஓட்டை, ஃபிங்கர் என்ற சேவையில் ஒரு ஓட்டை, எளிய பாஸ்வேர்டுகளை ஊகிப்பது என்று மூன்று வழிகள். நான்காவது வழிதான் நம் கதைக்கு முக்கியம். ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும், அங்கே இருந்த நம்பிக்கைக் கோப்புகளைப் படித்து, அடுத்து எங்கே போகலாம் என்று அது தெரிந்துகொண்டது. அந்தக் கம்ப்யூட்டர்கள் 'நம்ம ஆள்தான்' என்று பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விட்டன. ஓட்டையை அடைத்தால் பூச்சி வராது. இங்கே ஓட்டையே இல்லை, நாமே திறந்து வைத்த கதவு!

மகனுக்கு 3 வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவர் எம்ஐடியிலேயே பேராசிரியர் ஆனார்.

எட்டு மணி நேர டிக்கெட்

இதே காலத்தில் எம்ஐடியில் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. 1983இல் அங்கே அத்தீனா என்ற திட்டம் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள், எந்த மாணவரும் எதிலும் உட்காரலாம். அப்படியென்றால் எந்த கம்ப்யூட்டரையும் முழுசாக நம்ப முடியாது. 'இந்த கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் நம்ம ஆள்' என்கிற பெர்க்லி வழி இங்கே செல்லாது. அதற்காகச் செய்ததுதான் கெர்பரோஸ். பெயர் கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தைக் காக்கும் பல தலை நாயிடமிருந்து வந்தது.

காலையில் ஒருமுறை பாஸ்வேர்ட் தட்டினால் ஒரு டிக்கெட் கிடைக்கும். பாஸ்வேர்ட் வலையில் பயணிப்பதே இல்லை. டிக்கெட்டில் யாருக்கு, எந்த நேரத்தில் கொடுத்தது, எவ்வளவு நேரம் செல்லும் என்றெல்லாம் பூட்டி வைத்திருக்கும். 1988இல் அதை உருவாக்கியவர்கள் எழுதிய கட்டுரையில் அந்த நேரம் 8 மணி. ஒரு நாள் வேலைக்குப் போதும், அதற்கு மேல் கூடாது. எழுந்து போகும்போது டிக்கெட்டை அழிக்கத் தனியாக ஒரு கட்டளையும் உண்டு.

ஒரு டிக்கெட்டை யாராவது திருடினால்கூட ராத்திரிக்குள் அது வெறும் காகிதம். 'நீ திரும்பத் தராவிட்டாலும் பரவாயில்லை, அதுவே செத்துவிடும்' என்பதுதான் கணக்கு. நான் பார்த்த வரையில் வங்கிக் காசாளரின் புத்தி இந்தக் கதையில் முதலில் வந்தது இங்கேதான்.

ஹெல்சிங்கியிலிருந்து ஒரு சாவி

கெர்பரோஸ் அமைக்கப் பெரிய ஏற்பாடு வேண்டும். நடுவில் ஒரு சர்வர், எல்லா கம்ப்யூட்டரிலும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும் என்று நிறைய வேலை. பெரிய நிறுவனங்களுக்குச் சரி. தனி ஆள் என்ன செய்வது?

1995இல் ஃபின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலோனென் கடுப்பாகி எஸ்எஸ்ஹெச் எழுதினார். அந்த வருஷம் ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். வருஷ முடிவுக்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள் என்கிறார்கள்.

எஸ்எஸ்ஹெச்சில் ஜோடிச் சாவி வைத்துக்கொள்ளலாம். ரகசியச் சாவி நம்மிடம், பொதுச் சாவி சர்வரில். ரகசியச் சாவி நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டலாம். ஒருமுறை திறந்தால் 'ஏஜென்ட்' என்ற குட்டி நிரல் அதை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, நாம் கேட்கும்போதெல்லாம் நமக்காகக் கையெழுத்துப் போடும். கம்ப்யூட்டரை அணைத்தால் மறந்துவிடும். அருமையான ஏற்பாடு.

ஆனால் பாருங்கள், சாதாரண எஸ்எஸ்ஹெச் சாவிக்கு மறுபடியும் காலாவதி கிடையாது! வேலையை விட்டுப் போனவரின் பொதுச் சாவியை யாராவது போய் அழிக்கும் வரை அவர் உள்ளே வரலாம். காலாவதித் தேதி போட்ட சான்றிதழ்கள் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 2010இல்தான் வந்தன.

கொண்டு வருபவருக்குப் பணம்

இணையச் சேவைகள் பெருகியபோது கதை அடுத்த சுற்றுக்குப் போனது. ஆரம்பத்தில், ட்விட்டருக்கு யாராவது ஒரு நிரல் எழுதினால், அது நம் ட்விட்டர் பாஸ்வேர்டையே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். வீட்டுச் சாவியைப் பால்காரரிடம் கொடுப்பது மாதிரி. இதற்கு மாற்றாக 2007இல் ஓஆத் 1.0 வந்தது. 2010 ஆகஸ்டில் ட்விட்டர் தன் பக்கம் வெறும் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு, எல்லா வெளி நிரல்களும் ஓஆத் வழியாகத்தான் வர வேண்டும் என்றது.

2012 அக்டோபரில் ஓஆத் 2.0. முதல் பதிப்பில் நிரல் ஒவ்வொரு கோரிக்கையிலும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவதில் அது போய், 'பேரர் டோக்கன்' வந்தது. பேரர்! காமர்ஸ் மாணவர்களே, இந்த வார்த்தையை எங்கே பார்த்திருக்கிறோம்? செக்கில்தான். பேரர் செக்கைக் கொண்டு வருபவருக்குப் பணம். தெருவில் கண்டெடுத்தவர் நீட்டினாலும் கிடைத்துவிடலாம். ஓஆத் 2.0வின் முதன்மை ஆசிரியராக இருந்த ஈரன் ஹாமர், கையெழுத்தை எடுத்தது உட்படப் பல காரணங்களுக்காக 2012 ஜூலையில் விலகி, ஆவணத்திலிருந்து தன் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

பேரர் செக்கே கூடாது என்று நாம் சொல்வதில்லை. அதற்கு ஆயுள் உண்டு. இந்தியாவில் 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் 6 மாதத்திலிருந்து 3 மாதமாகக் குறைந்தது. தொலைந்தால் வங்கியில் சொல்லிப் பணம் தருவதை நிறுத்தலாம். ஓஆத்திலும் இந்த இரண்டுக்கும் வழி இருக்கிறது. சேவையைத் தொடுகிற டோக்கனுக்குக் குறைந்த ஆயுள் வைத்து, அது முடிந்ததும் புதுசு வாங்க மட்டும் 'ரெஃப்ரெஷ்' டோக்கன் ஒன்று தரலாம். பிரச்சினை, கமாண்ட் லைன் நிரல் எழுதும் பலர் (நானும்தான்) இவ்வளவு யோசிப்பதில்லை. காலாவதி இல்லாத ஒரு டோக்கனை எடுத்து, ஒரு கோப்பில் பச்சையாக எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். 1983இன் நெட்ஆர்சி கோப்பிலேயே இன்றைய டோக்கனைப் போட்டு வைத்த பிரபல நிரல்களும் உண்டு.

மறுபடியும் புழு

விளைவு? 1988 திரும்பி வந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்கள் தங்கள் நிரல்களைப் பகிரும் கிடங்கு என்பிஎம். அதில் வெளியிட ஒரு டோக்கன் வேண்டும். அது 'டாட் என்பிஎம்ஆர்சி' என்ற கோப்பில் உட்கார்ந்திருக்கும். 2018 ஜூலை 12ஆம் தேதி, ஈஎஸ்லின்ட் ஸ்கோப் என்ற பொதியைப் பராமரித்த ஒருவரின் கணக்கை யாரோ கைப்பற்றி, விஷம் கலந்த பதிப்பை வெளியிட்டார்கள். வேறு தளத்திலும் அதே பாஸ்வேர்டை வைத்திருந்ததுதான் காரணம். அந்தப் பதிப்பை நிறுவிய கம்ப்யூட்டரில் அது என்பிஎம்ஆர்சி கோப்பைப் படித்து டோக்கனை வெளியே அனுப்பியது. திருடனின் நிரலிலேயே ஒரு பிழை இருந்து அது அங்கங்கே முறிந்து விழுந்ததால், சில மணி நேரத்தில் பிடிபட்டது. சுமார் 4500 கணக்குகளின் டோக்கன்கள் போயிருக்கலாம் என்று என்பிஎம் கணக்கிட்டது. எது போனது, எது போகவில்லை என்று பிரித்துப் பார்க்காமல், அன்றைக்கு முன் கொடுத்த எல்லா டோக்கன்களையும் ஒரேயடியாக ரத்து செய்தது.

அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ரத்து செய்யும் வசதியை முன்பே கட்டி வைத்திருந்ததால்தான் அன்று அதைச் செய்ய முடிந்தது.

ஆனாலும் ஆயுள் பிரச்சினை தீரவில்லை. 2025 செப்டம்பரில் ஷாய் ஹுலுத் என்ற புழு அதே கிடங்கில் வந்தது. கம்ப்யூட்டரில் கிடக்கும் டோக்கன்களைத் தேடி எடுக்கும், அவற்றை வைத்து அந்த ஆளின் மற்ற பொதிகளிலும் தன்னைச் சேர்த்து வெளியிடும். 500க்கும் மேற்பட்ட பொதிகள் கெட்டன. மோரிஸ் புழு ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படித்து அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 37 வருஷம், அவ்வளவுதான். இதற்குப் பிறகுதான் என்பிஎம், வெளியிடும் டோக்கன்களின் ஆயுளை அதிகபட்சம் 90 நாளாகக் குறைத்தது. பழைய வகை டோக்கன்களையும் அந்த வருஷ முடிவுக்குள் ஒழித்தது.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 ஜனவரியில் வந்த கிட் 1.7.9இல், ரகசியங்களைப் பாதுகாக்கத் தனி உதவி நிரல்களை இணைக்க முடிந்தது. அதில் 'கேஷ்' என்ற உதவி நிரல் நினைவகத்தில் மட்டும் வைத்து 15 நிமிடத்தில் மறந்துவிடும். 'ஸ்டோர்' என்பது கோப்பில் பச்சையாக எழுதும். எதை எடுப்பது என்பது நம் கையில். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சாவிப்பெட்டியோடு இணைக்கவும் வழி வந்தது. 2021இல் கிட்ஹப் தன் டோக்கன்களின் தொடக்கத்தில் அடையாள எழுத்துகளைச் சேர்த்தது. டோக்கனை யாராவது தவறிப்போய்ப் பொதுவில் போட்டுவிட்டால் இயந்திரமே கண்டுபிடித்துவிடும். அதே வருஷம் ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு வெறும் பாஸ்வேர்டை ஏற்பதையும் அது நிறுத்தியது.

மாமா கடைக்குத் திரும்புவோம்

அன்று ராத்திரி, அந்தச் சேவையின் அமைப்புப் பக்கத்தில் தேடித் தேடி, 'அனுமதி பெற்ற நிரல்கள்' என்ற பட்டியலைக் கண்டுபிடித்து ரத்து செய்தேன். நண்பன், "இப்ப வரலடா" என்ற பிறகுதான் தூக்கம் வந்தது. அவன் நல்லவன், உடனே சொல்லிவிட்டான். பென் டிரைவ் வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால்? மாமாவிடமும் மறுநாள் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "கடைச் சாவியை யார்கிட்ட கொடுத்தோம்னு எழுதி வைக்கணும்டா" என்றார், அவ்வளவுதான்.

இப்போது எந்த நிரல் "ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாலும் நான்கு கேள்வி கேட்கிறேன்.

1. டோக்கன் எங்கே இருக்கிறது? வேலை செய்யும் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால், என்னை மாதிரி யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள். சாவிப்பெட்டியில் இருப்பது நல்லது. கோப்பில்தான் என்றால், ஹோம் ஃபோல்டரில் நாம் மட்டும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

2. அதால் என்னென்ன செய்ய முடியும்? கணக்கை ஏற்ற மட்டும்தான் வேலை என்றால், படிக்கவும் அழிக்கவும் அதற்கு எதற்கு அனுமதி?

3. எப்போது சாகும்? தேதி இல்லாத டோக்கன், தேதி போடாத பேரர் செக்.

4. தொலைந்தால் எங்கே போய் ரத்து செய்வது? அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். நான் பார்த்தபோது, எப்போதோ அனுமதி கொடுத்து மறந்துபோன 11 நிரல்கள் உயிரோடு இருந்தன.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்ட யாருக்கும் பிடிக்காது, 1983இலும் பிடிக்கவில்லை. அதனால் டோக்கன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கொடுக்கும்போதே திரும்ப வாங்கும் வழியையும் யோசித்துக் கொடுத்தால் போதும்.

உங்கள் பட்டியலில் எத்தனை இருந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். என் 11ஐ யாராவது தாண்டினால் அடுத்த பதிவில் ஆறுதல் சொல்கிறேன் :-)